நஞ்சென்று நம்பிய வெண்பொடி

ஒருவன் குற்றமுடையவன் ஆவது அவன் கை செய்த செயலாலா, அவன் உள்ளம் கொண்ட எண்ணத்தாலா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினா இது. பகவான் புத்தர் நாளந்தையில் எழுந்தருளியிருந்த காலத்தில், நிகண்ட நாதபுத்தரின் இல்லற மாணாக்கரான உபாலி என்பவர் இவ்வினாவை முன்னிட்டே அவருடன் வாதிட வந்தார். உடல், சொல், மனம் என்னும் மூன்றினுள் உடலின் செயலே தீமையில் மிக்கது என்பது உபாலியின் கட்சி. மனத்தின் செயலே மிக்கது என்பது பகவானின் கட்சி. வாதத்தின் முடிவில் உபாலி தம் கட்சியைக் கைவிட்டுப் பகவானைச் சரணடைந்தார் என்று மஜ்ஜிம நிகாயம் கூறுகிறது.

அன்று தொட்டு, வினை என்பது சேதனையே, அதாவது உள்ளத்தின் நாட்டமே, என்று பௌத்தர்களாகிய நாம் சொல்லி வருகிறோம். சொல்வது எளிது, அதன் முழுப் பொருளையும் ஏற்றுக்கொள்வது அத்துணை எளிதன்று. எட்டு வயதை ஒட்டிய ஒரு பெண் குழந்தை தன் தந்தையைக் கொல்ல எண்ணுகிறது. கொடிய நஞ்சு என்று தான் நம்பிய ஒரு வெண்பொடியை அவர் பருகும் பாலிற் கலக்கிறது. அன்றிரவே தந்தை இறந்தும் போகிறார். அக்குழந்தையை நாம் யாதென்று சொல்வோம்? அப்பொடி நஞ்சே அன்று, வெறும் சமையற் சோடா என்று தெரியவந்தால் நம் தீர்ப்பு மாறுமா, மாறாதா? எண்ணமே வினை என்போர் இவ்விடத்தில் விடையிறுக்கக் கடமைப்பட்டவர்.

இக்குழந்தை ஒரு ஸ்பானியத் திரைப்படத்தில் வருபவள். சினிமாவைப் பற்றி அறநெறி இதழில் எழுதுவது தகுமோ என்று ஐயுறுவார் உளராகலாம். ஜாதகக் கதைகளைக் கூறித் தம்மத்தை விளக்கிய மரபு நம்முடையது. நல்ல கதை எவ்வுருவில் வரினும் அதனைக் கொண்டு ஆராய்தல் நமக்குப் புதிதன்று.

படமும் அதன் காலமும்

படத்தின் பெயர் 'கிரியா குவேர்வோஸ்'. அண்டங்காக்கைகளை வளர்த்தால் அவை உன் கண்களைப் பிடுங்கும் என்பது ஸ்பெயின் நாட்டுப் பழமொழி. அதன் முற்பகுதியே படத்திற்குப் பெயராயிற்று. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று நாம் கூறுவதைப் போன்றது அது. நன்றி மறந்த பிள்ளைகளைப் பழிக்கும் மொழி போல் அது தோன்றும். ஆயினும் படத்தை முழுதும் கண்டபின், குற்றம் காக்கையினிடமா அல்லது வளர்த்தவர் வளர்த்த முறையிலா என்ற ஐயமே நெஞ்சில் எஞ்சி நிற்கிறது.

இதனை இயக்கியவர் கார்லோஸ் சௌரா. 1932-இல் பிறந்து 2023-இல் மறைந்த இவர், தம் நாட்டின் உள்நாட்டுப் போரைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டவர். 1936 முதல் 1939 வரை நடந்த அப்போரில் வென்ற தளபதி பிராங்கோ, அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் அந்நாட்டைத் தனியாட்சி செய்தார். 1975-ஆம் ஆண்டுக் கோடையில், முதுமையாலும் நோயாலும் பிராங்கோ தளர்ந்திருந்தபோது, மாட்ரிட் நகரில் இப்படம் எடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் நாள் பிராங்கோ காலமானார். இரண்டு திங்கள் கழித்து, 1976 ஜனவரியில், படம் வெளிவந்தது. அவ்வாண்டுக் கேன்ஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும் அது பெற்றது. இராணுவ அதிகாரியான ஒரு குடும்பத் தலைவர் படத்தின் தொடக்கத்திலேயே இறக்கிறார். அவருக்குப் பின் அவ்வீடு என்னவாகிறது என்பதே கதை. அன்றைய மக்கள் இக்கதையைத் தம் நாட்டின் கதையாகவும் கண்டதில் வியப்பில்லை.

கதை

மாட்ரிட் நகரின் நடுவே, தோட்டத்துடன் கூடிய பழைய பெரிய வீடு. வெளியே வண்டிகளின் இரைச்சல் ஓயாது. உள்ளே ஓசை அடங்கியிருக்கும். அனா என்னும் சிறுமி இரவில் படிக்கட்டில் நிற்கிறாள். தந்தையின் அறையிலிருந்து பேச்சொலியும், பின்னர் மூச்சுத் திணறும் ஒலியும் கேட்கின்றன. உடையைச் சரிசெய்துகொண்டே ஒரு பெண் விரைந்து வெளியேறுகிறாள். அவள் தந்தையின் நண்பரின் மனைவி. அனா உள்ளே செல்கிறாள். தந்தை படுக்கையில் இறந்து கிடக்கிறார். குழந்தை அழவில்லை, எவரையும் கூவி அழைக்கவுமில்லை. பால் இருந்த கண்ணாடிக் குவளையை எடுத்துச் சென்று அடுக்களையில் கழுவி, மற்றக் குவளைகளோடு கலந்து வைக்கிறாள். அப்போது அவள் தாய் வந்து, இன்னும் உறங்கவில்லையா என்று அன்போடு கேட்டு அனுப்புகிறாள். அத்தாய் முன்னரே இறந்துவிட்டவள் என்பதை நாம் பின்னரே அறிகிறோம்.

தாய் பியானோ வாசிப்பதில் தேர்ந்தவள். மணத்திற்குப் பின் அக்கலையைக் கைவிட்டவள். கணவனின் புறக்கணிப்பால் உள்ளம் நைந்து, பிறகு புற்றுநோயால் துடிதுடித்து இறந்தவள். அத்துடிப்பைக் குழந்தை நேரிற் கண்டிருக்கிறது. தாயின் துன்பத்திற்குத் தந்தையே காரணம் என்பது குழந்தையின் முடிபு. முன்பொரு நாள் தாய் ஒரு டப்பாவைக் கொடுத்து, இது கொடிய நஞ்சு, எறிந்துவிடு என்று சொல்லியிருந்தாள். அனா அதனை எறியவில்லை, ஒளித்து வைத்தாள். அந்தப் பொடிதான் தந்தையின் பாலிற் கலந்தது.

தந்தைக்குப் பின், தாயின் உடன்பிறந்தாளான பவுலினா வந்து மூன்று பெண் குழந்தைகளையும் வளர்க்கப் பொறுப்பேற்கிறாள். பேச்சிழந்து, நடமாட்டமும் இழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்து பழைய நிழற்படங்களையே நோக்கிக்கொண்டிருக்கும் பாட்டியும் அவ்வீட்டில் இருக்கிறாள். பாட்டியின் நிலை கண்டு இரங்கிய அனா, இறக்க விரும்புகிறீர்களா என்று கேட்டு, அதே பொடியை அவளுக்கும் கொடுக்க முன்வருகிறாள். பின்னர் பவுலினாவின் கண்டிப்பைப் பொறாமல் அவளுடைய பாலிலும் அதே பொடியைக் கலக்கிறாள். மறுநாட் காலையில் பவுலினா வழக்கம்போல் வந்து குழந்தைகளைப் பள்ளிக்குப் புறப்பட எழுப்புகிறாள். விடுமுறை முடிந்தது. மூன்று சகோதரிகளும் நகரத்தின் இரைச்சலிடையே பள்ளியை நோக்கி நடக்கிறார்கள். கதை அவ்வளவே.

இதனிடையே, இருபது ஆண்டுகள் கடந்து வளர்ந்துவிட்ட அனா நம்மை நேரே நோக்கி, அந்நாட்களைப் பற்றிப் பேசுகிறாள். தாயாக நடித்த ஜெரால்டின் சாப்ளின் என்னும் அம்மையாரே வளர்ந்த அனாவாகவும் நடித்திருக்கிறார். சிறுமியாக நடித்தவர் அனா டொரென்ட்.

இருவகைத் தீர்ப்பு

இனி நம் வினாவிற்கு வருவோம். இக்குழந்தை கொலை செய்தவளா?

செய்தவள் அல்லள் என்பது உலகியலார் கூறும் விடை. தந்தை இறந்தது மாரடைப்பால். பொடி சோடா. அவள் செயலால் ஓர் எறும்பிற்கும் தீங்கு விளையவில்லை. அன்றியும் அவள் அறியாப் பருவத்தினள். எனவே இதில் ஆராய்வதற்கு ஒன்றுமில்லை என்று கூறி அவர்கள் வழக்கை முடித்துவிடுவார்கள்.

செய்தவளே என்பது, எண்ணமே வினை என்ற சொல்லை மட்டும் பற்றிக்கொண்டவர் கூறும் விடை. அவள் கொல்ல எண்ணினாள், எண்ணியதைச் செய்தாள், பொடியின் தன்மை அவள் அறியாதது. நஞ்சாக இருந்திருந்தால் அவள் கொன்றிருப்பாள். ஆகவே அவள் உள்ளத்தளவில் கொலையாளியே என்பார்கள் அவர்கள்.

நம் ஆசிரியர்கள் இவ்விரண்டு விடைகளையும் ஏற்பவர் அல்லர். உயிர்க்கொலை என்னும் குற்றம் நிறைவேற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று அட்டகதை ஆசிரியர்கள் வகுத்துள்ளனர். ஓர் உயிர் இருத்தல், அதனை உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்கேற்ற முயற்சி, அம்முயற்சியால் உயிர் நீங்குதல் என்பன அவை. அனாவின் செயலில் முதல் நான்கும் உள்ளன, ஐந்தாவது இல்லை. தந்தை இறந்தார் என்பது உண்மை. ஆனால் அவள் முயற்சியால் இறந்தாரல்லர். எனவே கொலை நிறைவுறவில்லை. ஆயினும் நான்கு உறுப்புகள் நிகழ்ந்தன என்பதையும் மறைக்க இயலாது. கொலை இல்லை என்பதனால் வினையே இல்லை என்று ஆகிவிடாது. உள்ளத்தில் விதை விழுந்துவிட்டது.

அவ்விதை எத்தன்மையது? தீவினைகளை உடலில் மூன்று, சொல்லில் நான்கு, உள்ளத்தில் மூன்று எனப் பத்தாகப் பகுத்துரைப்பது நம் மரபு. மணிமேகலையிலும் இப்பகுப்பைக் காணலாம். உள்ளத்து மூன்றும் வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி எனப்படும். அனாவினிடம் வெகுளி இருந்தது. அதனினும் மிகுதியாகப் பொல்லாக் காட்சி, அதாவது உள்ளதை உள்ளவாறு காணாமை, இருந்தது. சோடாவை நஞ்சென்று கண்டது மட்டுமன்று அக்காட்சிப் பிழை. ஒருவரை அகற்றிவிட்டால் துன்பம் அகன்றுவிடும் என்று கண்டதே அதனினும் பெரிய பிழை. இப்பிழை குழந்தைகளுக்கே உரியது என்று நாம் எண்ணிவிடலாகாது. உலகில் நடந்த கொலைகளிலும் போர்களிலும் பெரும்பாலானவை இந்நம்பிக்கையின்மேல் எழுந்தவையே.

மூன்று முறை ஒரே பொடி

அனா அப்பொடியை மூன்று பேருக்காக எடுத்தாள் என்பது நாம் நின்று நோக்கத்தக்கது. தந்தைக்கு எடுத்தது வெறுப்பால். பாட்டிக்கு எடுத்தது இரக்கத்தால். பவுலினாவுக்கு எடுத்தது சினத்தால். கை ஒன்று, பொடி ஒன்று, டப்பாவும் ஒன்று. உள்ளத்தின் நிலை மட்டும் வேறு வேறு.

எண்ணமே வினை என்றால், இரக்கத்தால் பாட்டிக்குக் கொடுக்க முனைந்தது நல்வினையாகுமா? இவ்விடத்தில் விநயம் கடுமையாகவே பேசுகிறது. நோயுற்ற ஒரு பிக்குவினிடம் மற்றப் பிக்குகள் இரக்கத்தின் காரணமாகவே இறப்பைப் புகழ்ந்து பேசினர்; அவரும் இறந்தார். அப்பிக்குகள் சங்கத்தினின்று நீங்கும்படியான குற்றத்திற்கு ஆளாயினர் என்று விநய பிடகம் உரைக்கிறது. அவர்கள் உள்ளத்தில் பகை இல்லை. ஆனால் இறப்பை வேண்டிய எண்ணம் இருந்தது. கருணை என்பது துன்புறுவாரைக் கண்டு உருகுவது மட்டுமன்று. அறிவோடு கூடியதே கருணை. பிறர் துன்பத்தைக் காணப் பொறாமல் அதனைக் கண்முன்னிருந்து அகற்ற விழைவது சில வேளைகளில் நம் துன்பத்தைப் போக்கிக்கொள்ளும் முயற்சியாகவே முடியும்.

ஆயினும் குழந்தையைப் பொறுத்தவரை மற்றொன்றையும் கூறவேண்டும். தந்தையின்மேல் அவள் கொண்ட வெறுப்பும் தாயின்மேல் வைத்த அன்பிலிருந்தே பிறந்தது. அன்பு அறிவின் துணையின்றித் தனித்து விடப்பட்டால் வெறுப்பாக உருமாறுவதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை. அவள் இயல்பிலேயே கொடியவள் அல்லள். தான் வளர்த்த ரோனி என்ற சிறு பிராணி இறந்தபோது அதனைத் தோட்டத்தில் தன் கையாலேயே அடக்கம் செய்கிறாள். உயிரின் அருமையை அறியாதவளாக அவளைச் சொல்ல இயலாது. அவள் அறியாதது, தன் துன்பத்தை எவரிடம் சொல்வது என்பதே.

வீடும் நாடும்

அவ்வெண்ணம் அவள் உள்ளத்தில் எவ்வாறு தோன்றியது? எதுவும் காரணமின்றித் தோன்றுவதில்லை என்பது பகவான் கண்ட பிரதீத்திய சமுத்பாதம். இது இருந்தால் அது உண்டாகும். இது நீங்கினால் அது நீங்கும். ஆகவே குழந்தையை மட்டும் தனியே நிறுத்தி விசாரிப்பது பௌத்தமன்று. அவளைச் சூழ்ந்திருந்தவற்றையும் ஒருங்கே நோக்கவேண்டும்.

அவ்வீட்டில் தந்தை சொன்னதே சட்டம். நாட்டிலும் சட்டம் அத்தகையதே. பிராங்கோவின் ஆட்சியில் மணமான பெண் ஒருத்தி ஊதிய வேலைக்குச் செல்லவும், வங்கியில் கணக்குத் தொடங்கவும் கணவனின் இசைவு வேண்டியிருந்தது. 1975 மே மாதத்துச் சட்டமே இந்நிலையை மாற்றியது. மணவிலக்குரிமை 1981-இல்தான் வந்தது. பியானோவைக் கைவிட்ட அத்தாய்க்கு வெளியேறும் வழி எதுவும் இருக்கவில்லை. அவள் அழுதாள், குழந்தை அதனைக் கண்டது. பெரியவர்கள் எல்லாரும் அறிந்ததை எவரும் பேசவில்லை. அச்சமும் மறைப்பும் ஆளும் வீட்டில் குழந்தைகள் எதைக் கற்பார்கள்? அனாவும் உடன்பிறந்தாரும் பெரியவர்களின் உடைகளை அணிந்துகொண்டு விளையாடும் ஒரு காட்சி உண்டு. அவர்கள் நடித்துக் காட்டுவது தம் பெற்றோரின் சண்டையை. ஒரு சொல்லும் மாறாமல் கேட்டதைக் கேட்டவாறே நடிக்கும் வல்லமை அவர்களுக்கு இருக்கிறது.

தந்தை இறந்தார். ஆட்சி மாறியதா? பவுலினா கெட்டவள் அல்லள். பிறர் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்க்க முன்வந்தவள். ஆனால் அவளும் அதே வீட்டில் வளர்ந்த முறையையே அறிவாள்: ஒழுங்கு, கட்டளை, கேள்விக்கு இடமின்மை. இறந்த தந்தைக்கு முத்தமிடுமாறு குழந்தைகளுக்குக் கட்டளை வருகிறது, அனா மறுக்கிறாள். தந்தை விட்டுச்சென்ற பொருள்களில் அனாவின் கைக்கு வந்தது ஒரு துப்பாக்கி. ஒருநாள் அவள் அதனைக் கையில் ஏந்திப் பவுலினாவின் முன்னே வந்து நிற்கிறாள். ஆண்டவர் மறைந்தாலும் அவர் கருவி மறையவில்லை. அது அடுத்த தலைமுறையின் கைக்கு வந்துவிட்டது. தாயின் முகமே வளர்ந்த மகளின் முகமாகவும் வருவதை இத்துடன் சேர்த்து எண்ணுக. நாம் நம் முன்னோரிடமிருந்து பெறுவது நிலமும் நகையும் மட்டுமன்று. அவர்கள் தீர்க்காமல் விட்ட துன்பத்தையும் பெறுகிறோம்.

ஸ்பெயின் நாடும் இவ்வாறே ஒரு பெருஞ்சுமையைப் பெற்றது. 1977 அக்டோபரில் அந்நாட்டில் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதனால் பிராங்கோவை எதிர்த்துச் சிறைப்பட்டவர்கள் விடுதலை பெற்றனர். அதே சட்டம் அவர் ஆட்சியில் கொடுமை செய்தவர்களையும் விசாரணையிலிருந்து காத்தது. மீண்டும் இரத்தம் சிந்தாமல் மக்களாட்சிக்கு வர அது உதவிற்று என்று போற்றுவாரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 1978-இல் புதிய அரசியலமைப்பும் வந்தது. ஆனால் பழையதைப் பேசாதிருத்தலே அமைதிக்கு விலை என்றாயிற்று. சுடப்பட்டுச் சாலையோரங்களில் புதைக்கப்பட்டவர்கள் ஆயிரமாயிரவராக அங்கேயே கிடந்தனர். 2000-ஆம் ஆண்டில், தன் பாட்டனாரைத் தேடிய ஒரு பேரனின் முயற்சியால், பிரியரான்சா டெல் பியெர்சோ என்ற ஊரில் 13 பேரின் எலும்புகள் முறையாகத் தோண்டி எடுக்கப்பட்டன. அதன்பின் இத்தகைய தேடல் நாடெங்கும் பரவியது. 2007-இலும் 2022-இலும் இவற்றிற்கெனச் சட்டங்கள் வந்தன. முப்பத்து மூவாயிரத்திற்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ள பெரிய நினைவாலயத்திலிருந்து பிராங்கோவின் உடல் 2019 அக்டோபர் 24-ஆம் நாள் அகற்றப்பட்டது. சர்வாதிகாரி இறந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து!

மறதியும் மன்னிப்பும்

பகையை வளர்க்காதீர் என்று போதிப்பவர் நாம். அவ்வாறாயின் பழையதை மறந்துவிடுவதே நம் நெறிக்கு ஒத்தது என்று சிலர் கருதலாம். அது பிழை. மறதி வேறு, மன்னிப்பு வேறு. எண்வகை மார்க்கத்துள் ஏழாவதாக வரும் 'சதி' என்னும் பாலிச் சொல்லின் மூலப்பொருளே நினைவு என்பதுதான். வடமொழியில் அதனை ஸ்மிருதி என்பர். விழிப்பாக இருத்தலுக்கு நினைவு என்று பெயரிட்ட நெறி, மறதியை எவ்வாறு அறமாகக் கொள்ளும்?

விநய பிடகத்து மகாவக்கத்தில் வரும் தீகாவு குமாரன் கதையை நம் அன்பர்கள் அறிவர். கோசல மன்னன் தீகீதியையும் அவன் தேவியையும் காசி மன்னன் பிரமதத்தன் கொன்றான். இறக்குமுன் தீகீதி, பகையை வளர்க்க வேண்டாம் என்று மகனுக்கு அறிவுறுத்தினான். மகன் தீகாவு தன்னை இன்னான் என்று காட்டிக்கொள்ளாமல் அம்மன்னனிடமே பணியாளாக அமர்ந்து, அவன் நம்பிக்கைக்கு உரியவனானான். ஒருநாள் வேட்டைக்குச் சென்றவிடத்து, மன்னன் களைத்துத் தீகாவின் மடியில் தலைவைத்து உறங்கினான். தீகாவு மும்முறை வாளை உருவினான்; மும்முறையும் தந்தையின் சொல்லை நினைந்து உறையில் இட்டான். மன்னன் அஞ்சி விழித்தெழுந்தான். அப்போது தீகாவு வாளை ஏந்தியவாறே, தான் யார் என்பதையும், தன் பெற்றோரை மன்னன் கொன்றதையும், பழிவாங்கும் காலம் வந்திருப்பதையும் வெளிப்படையாகக் கூறினான். மன்னன் உயிர்ப்பிச்சை கேட்டான். இருவரும் ஒருவர்க்கொருவர் உயிரை அளித்தனர். பறித்த நாட்டை மன்னன் திருப்பிக் கொடுத்தான். தன் மகளையும் மணம் செய்து கொடுத்தான்.

தீகாவின் உள்ளத்திலும் கொலையெண்ணம் மூன்று முறை எழுந்தது. எண்ணம் எழுந்ததனால் நம் நூல்கள் அவனைக் கொலையாளி என்று தள்ளவில்லை. எழுந்ததை அவன் கண்டான், கண்டு அடக்கினான், அடக்கியதோடு நில்லாமல் அதனை வாய்விட்டும் சொன்னான். மன்னன் செய்த குற்றத்தையும் உடன் சொன்னான். இரண்டு உண்மைகளும் வெளிவந்த பின்னரே மன்னிப்பு நிகழ்ந்தது. நாடு திரும்பக் கிடைத்ததும் அதன்பின்னரே. ஒன்றும் பேசாமல், ஒன்றும் நடவாதது போல் அவன் மன்னனின் தேரை ஓட்டிக்கொண்டே இருந்திருந்தால் அதனைப் பொறுமை என்று ஒருவர் புகழலாம். ஆனால் வாள் அவன் இடையிலேயே இருந்திருக்கும்.

இப்பொழுது நம் வினாவிற்கு விடை ஒருவாறு புலப்படுகிறது. எண்ணம் வினைதான். ஆனால் அது எழுதி முத்திரையிட்ட தீர்ப்பன்று. எண்ணத்தை எண்ணமென்று கண்டு, அதன் காரணத்தையும் கண்டு, உண்மையின் ஒளியில் அதனை வைப்பவனுக்கு அவ்வெண்ணம் தளை ஆகாது. தீகாவுக்கு அவ்வாறு செய்யத் துணையாயிருந்தது தந்தையின் ஒரு சொல். அனாவுக்கு அப்படியொரு சொல்லை யார் சொன்னார்கள்? தாய் சொன்னது நஞ்சு என்ற சொல். விளையாட்டாகச் சொன்னாளோ, சலிப்பால் சொன்னாளோ, அது குழந்தையின் உள்ளத்தில் அப்படியே தங்கிவிட்டது. தாய் ஏன் இறந்தாள் என்று எவரும் குழந்தையை அருகிலிருத்திச் சொல்லவில்லை. தந்தை எவ்வாறு இறந்தார் என்றும் சொல்லவில்லை. தன் கையால் தந்தை இறந்தார் என்ற நம்பிக்கையை அச்சிறு உள்ளம் அக்கோடை முழுதும் தனியே சுமந்தது. அவ்வீட்டில் ஒருவராவது அவளிடம் உண்மை பேசியிருந்தால் அச்சுமை இறங்கியிருக்கும். பவுலினா காலையில் உயிருடன் வந்து எழுப்பியபோதுதான் நஞ்சின் ஆற்றல் பொய்த்தது. உண்மை அவளை வந்தடைந்ததும் எவர் வாய்மொழியாலும் அன்று.

வளர்ந்த அனா நம்மிடம் பேசுவதை ஈண்டு நினைக்க. குழந்தைப் பருவமே வாழ்வின் இன்பக் காலம் என்பாரோடு அவள் உடன்படவில்லை. தனக்கு அது அச்சத்தின் நெடிய காலமாக இருந்தது என்கிறாள். தந்தையை ஏன் கொல்ல விரும்பினேன் என்றும் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். அவள் தன்னை நியாயப்படுத்திக் கொள்ளவும் இல்லை, நொந்துகொள்ளவும் இல்லை. நடந்ததை நடந்தவாறு நோக்குகிறாள். இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த அந்நோக்கையே நாம் சதி என்கிறோம். தாயின் முகத்தைப் பெற்றவள் தாயின் ஊழையும் பெறாதிருக்க வழியுண்டாயின், அது அந்நோக்கிலிருந்தே தொடங்கும்.

நம் கடமை

பஞ்ச சீலத்தைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். உயிர்க்கொலை செய்யாதே என்பது முதற் சீலம். பொய் பேசாதே என்பது நான்காவது. இவ்விரண்டும் தொலைவிலுள்ளவை போல் நாம் கற்பித்து வருகிறோம். இக்கதையை ஆராய்ந்தால் அவை எத்துணை நெருங்கியவை என்பது விளங்கும். நான்காவது சீலம் வழுவிய வீட்டில்தான் முதற் சீலத்திற்கு மாறான எண்ணம் ஒரு குழந்தையின் உள்ளத்தில் முளைத்தது. பொய் என்பது இல்லாததைச் சொல்வது மட்டுமன்று. சொல்ல வேண்டியவர், சொல்ல வேண்டியவரிடம், சொல்ல வேண்டிய காலத்தில் உள்ளதைச் சொல்லாதிருப்பதும் அதன் பக்கத்திலேயே நிற்பது.

நம் வீடுகளிலும் பெரியவர்களின் நோயையும் இறப்பையும் மனத்தாங்கலையும் குழந்தைகள் அறியலாகாது என்று கதவை மூடுகிறோம். அன்பினாலேயே மூடுகிறோம். ஆனால் குழந்தை கதவின் மறுபுறம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்டதில் பாதியைக் கொண்டு மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. அவ்வாறு நிரப்பும்போது பெரும்பாலும் குற்றத்தைத் தன்மேலோ தான் வெறுப்பவர்மேலோ ஏற்றிவிடுகிறது. வயதுக்கேற்ற சொற்களில், அச்சமூட்டாத குரலில், உள்ளதைச் சொல்வது பெற்றோர் செய்யத்தக்க தானங்களுள் சிறந்தது. அதனால் குழந்தையின் துயரம் முழுதும் நீங்கிவிடும் என்று யாம் கூறவில்லை. தாய் இறந்த துயரம் இருக்கத்தான் செய்யும். அதன்மேல் பொய்யான குற்றச்சுமை ஏறாது என்பதே பயன்.

நாட்டை ஆள்வோர்க்கும் இதுவே நெறி. அச்சத்தால் ஆண்டவர் இறந்துவிட்டால் அச்சம் தானே இறந்துவிடுவதில்லை. கொல்லப்பட்டவர் பெயரைச் சொல்லவும், கொன்றவர் செயலைச் சொல்லவும், பழிவாங்கும் எண்ணம் தமக்கும் எழுந்ததுண்டு என்று வழிவந்தோர் ஒப்பவும் இடமிருக்கும் நாட்டில்தான் மன்னிப்பு என்ற சொல்லுக்குப் பொருளுண்டு. வளர்த்த காக்கை கண்ணைப் பிடுங்கிற்று என்று முறையிடுவோரிடம் நாம் கேட்கத்தக்கது ஒன்றே: அதனை இருளில் வளர்த்தீரா, வெளிச்சத்தில் வளர்த்தீரா?